ஓதம்

குற்றாலம் சித்திர சபைக்குள் நுழைகிறவர்கள் முதலில் நடராசரைத்தான் தேடுவார்கள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்று வரிசை போகும் ஐந்து சபைகளில் இது சித்திரம். இங்கே அவர் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். அப்பா அவரைத் தேடவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஒரு கண்ணை மூடி, தலையைச் சுவரோடு சுவராகச் சாய்த்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் வண்ணத்தின் மேல்பரப்பைப் பார்த்தார். நேராகப் பார்த்தால் படம் தெரியும், சாய்த்துப் பார்த்தால்தான் பொருக்கு தெரியும் என்பது அவருடைய தொழில் பாடம்.

கொஞ்ச நேரம் கழித்து, "பசை அளவாப் போட்டிருக்கான், பாத்தியா?" என்றார்.

யாரோ பெயர் தெரியாத, எப்போதோ செத்துப்போன ஓவியனைத்தான் சொன்னார். எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பசையின் அளவு பற்றி நானும் அப்பாவும் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறோம். அதுவும் போனில், இரண்டு நிமிடம். பேசியது முழுக்க நான்.

*

அப்பா தென்காசியில் பெயிண்டர். வெள்ளையடிப்பார், டிஸ்டெம்பர் அடிப்பார், கடைகளுக்கு போர்டு எழுதுவார். அவர் கையெழுத்து சுமார்தான், ஆனால் போர்டில் எழுதும் 'ழ' அவ்வளவு அழகாக இருக்கும். 2000களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்து போர்டு எழுதுகிற வேலையைக் கொண்டுபோனது. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது ஊரில் இருந்த போர்டில் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம் என்பதை மாற்ற வேண்டியிருந்தது. "இருவது வருசத்துக்கு முன்னால பிரிச்சிருந்தா நாம மாடி கட்டியிருக்கலாம்" என்று அப்பா சிரித்தார். எல்லா போர்டும் ஃப்ளெக்ஸில்தான் மாறின.

டப்பா பெயிண்ட் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அவரே கலர் கலந்துகொடுப்பார். சாக் பவுடர், கலர் பவுடர், தண்ணீர், வச்சிரம். வச்சிரம் என்பது மாட்டுத்தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுக்கிற பசை. கண்ணாடிக் கற்கண்டு போல பழுப்பாக, கட்டியாக இருக்கும். முந்தின ராத்திரி ஊறவைத்து, காலையில் சூடுபண்ணி உருக்கி, கலரில் ஊற்றுவார். வீடே நாறும். அம்மா திட்டிக்கொண்டே வாசலில் தண்ணீர் தெளிப்பாள்.

2002 ஜூன் மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் சீசனுக்குள் வராண்டாச் சுவர்களுக்கெல்லாம் நீலம் அடிக்கச் சொன்னார். அந்த வருஷம் சாரல் சொன்ன தேதிக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. குற்றாலத்துச் சாரலை வெளியூர்க்காரர்கள் கவிதை மாதிரி பேசுவார்கள். பெயிண்டர்களுக்கு அது எதிரி. மழை என்றால் நின்றுவிடும், காத்திருந்து வேலையைத் தொடங்கலாம். சாரல் நிற்காது, நனைக்கவும் செய்யாது. காயமட்டும் விடாது.

கலர் ஈரத்தில் பிடிக்க வேண்டுமே என்று அப்பா வழக்கத்தைவிடப் பசையைக் கூட்டிப் போட்டார். அன்று பள்ளிக்கூடம் திறக்கவில்லை, நானும் கூடப் போயிருந்தேன். கலந்துவைத்த வாளி அரைமணி நேரத்தில் பிரிந்தது. மேலே தெளிந்த பசைத் தண்ணீர், கீழே கெட்டியான நீலம். "திரிஞ்சிட்டே" என்றபடி அப்பா கம்பை விட்டுக் கலக்கினார். மறுபடி பிரிந்தது. மறுபடி கலக்கினார். நாள் முழுக்கக் கலக்கிக் கலக்கியே அடித்து முடித்தார்.

பத்து நாளில் சுவர் உரிய ஆரம்பித்தது. ஒரு இடத்தில் அப்பளம் போலச் சுருண்டு விழுந்தது, இன்னொரு இடத்தில் கைபட்டாலே மாவாக ஒட்டியது. குளிக்க வந்தவர்களின் வேட்டியிலும் துண்டிலும் நீலம். லாட்ஜ்காரர் மீதிப் பணம் தரவில்லை என்பது மட்டுமல்ல, அடித்ததைச் சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ஆளுக்கொரு தகடு வைத்துக்கொண்டு சுரண்டினோம். ஐந்தருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் வடிய எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் இரண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

*

பத்து வருஷம் கழித்து, கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில், எனக்கு ஒரு ப்ராஜெக்ட் கிடைத்தது. கூழ்மமும் பாலிமரும் கலந்த திரவம் ஒரு சுவருக்குப் பக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். தலைப்பைக் கேட்டபோது கொட்டாவிதான் வந்தது.

கூழ்மம் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஒரு திரவத்தில் கரையாமல், படியவும் படியாமல் மிதந்துகொண்டிருக்கும் நுண்துகள்கள். பால், ரத்தம், பெயிண்ட் எல்லாம் அந்த வகை. பாலிமர் நீளமான மூலக்கூறு. திரவத்தில் அது இடியாப்பச் சிக்கு போலச் சுருண்டு கிடக்கும்.

இரண்டையும் கலந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். துகள்களுக்கு ஒன்றின் மேல் ஒன்று எந்த ஈர்ப்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாலிமருக்கும் துகளின் மேல் ஈர்ப்பில்லை. யாருக்கும் யார் மேலும் பிரியம் இல்லாத கூட்டம். ஆனாலும் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் இருந்த அசகுரா, ஊசாவா இருவரும் 1954இல் இதற்கு விளக்கம் சொன்னார்கள். 1976இல் நெதர்லாந்தின் வ்ரைய் அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

எனக்கு இது புரிந்தது கல்யாண மண்டபத்தை வைத்துத்தான். பந்தி முடிந்த மதியம். ஹால் முழுக்க நாற்காலிகள், நடுவில் இருபது முப்பது பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். நாற்காலிகள் தனித்தனியே நின்றால் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சாண் இடம் வீண். அந்த இடுக்கில் எந்தப் பிள்ளையும் நுழைய முடியாது. இடிபட்டு இடிபட்டு இரண்டு நாற்காலிகள் ஒட்டிக்கொண்டால் வீணான இடமும் ஒன்றோடொன்று சேர்ந்து குறைகிறது, ஓட இடம் கிடைக்கிறது. சாயங்காலம் பார்த்தால் நாற்காலிகள் கும்பல் கும்பலாக நிற்கும். நாற்காலிகளுக்குள் பாசம் இல்லை. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். நாற்காலிதான் துகள். பிள்ளைகள்தான் பாலிமர்.

இதில் சுவர் எங்கே வருகிறது? நாற்காலி இன்னொரு நாற்காலியை ஒட்டுவதைவிடச் சுவரை ஒட்டினால் மிச்சமாகும் இடம் அதிகம். உருண்டைத் துகளுக்கும் தட்டையான சுவருக்கும் கணக்குப் போட்டால், பாலிமர் துகளைவிட நன்றாகச் சிறிதாக இருக்கும்போது, ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் துகள்கள் முதலில் சுவருக்குத்தான் ஒதுங்கும். பாலிமரை இன்னும் கூட்டினால் கலவை இரண்டாகவே பிரிந்துவிடும். துகள் செறிந்த ஒரு பகுதி, துகள் குறைந்த ஒரு பகுதி. திரவமும் ஆவியும் போல. அந்தச் செறிந்த பகுதி சுவரை முழுவதுமாக நனைக்கும்.

நனைத்தல் என்ற சொல்லுக்கு இயற்பியலில் கறாரான பொருள் உண்டு. சேம்பிலை மேல் தண்ணீர் முத்தாக உருளும். கழுவித் துடைத்த கண்ணாடியில் பரவிப் படியும். துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் உருவாகும் கோணத்தை வைத்து இதை அளக்கலாம் என்று 1805இல் தாமஸ் யங் காட்டினார். கோணம் பூஜ்யம் ஆனால் முழு நனைப்பு. கூழ்ம – பாலிமர் கலவையில் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே இருக்கும் பரப்பு இழுவிசை, தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு, சில கலவைகளில் லட்சக்கணக்கான மடங்கு குறைவு. அதனால் சாதாரண திரவத்தில் கண்ணுக்கே அகப்படாதவை இதில் பெரிதாகத் தெரியும். 2004இல் ஆர்ட்ஸ், ஷ்மிட், லெக்கர்கெர்க்கர் மூவரும் அந்த எல்லைக்கோட்டில் வெறும் வெப்பத்தால் எழும் அலைகளை நுண்ணோக்கியில் நேரடியாகப் படம்பிடித்தார்கள். கண்ணாடிச் சுவரை நெருங்கும்போது அந்தக் கோடு வளைந்து மேலேறுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

விளக்கம் 1954இல் வந்தது. கைவேலை அதற்கும் முந்தியது. ரப்பர் பாலில் தாவரப் பசைகளைக் கலந்தால் ரப்பர்த் துகள்கள் கும்பலாகி ஆடை போல மேலே திரளும் என்று 1925இலேயே டிராவ்பே கண்டிருந்தார். இங்கிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டினால் ரப்பர் தோட்டங்கள். ரப்பர் பாலைச் செறிவாக்கப் புளியங்கொட்டை மாவு கரைத்து ஊற்றுகிற முறை நம் நாட்டில் உண்டு. சில நாள் விட்டுவைத்தால் மேலே கெட்டி, கீழே நீர். இன்றைக்கு பெயிண்ட் கம்பெனிக்காரர்களுக்கும் இதே கவலைதான். கெட்டியாக்கச் சேர்க்கும் பாலிமர் அளவுக்கு மீறினால் டப்பாவுக்குள்ளேயே பிரிந்துவிடும்.

2012 ஜனவரி. ராத்திரி இரண்டு மணிக்கு லேபில் என் ப்ரோக்ராம் முடிந்து வரைபடம் வந்தது. பாலிமரைக் கூட்டக் கூட்டச் சுவரோரம் துகள்களின் அடர்த்தி செங்குத்தாக எழுந்தது. ஒரு அளவுக்கு மேல் கலவை இரண்டாகப் பிளந்தது. மேலே தெளிவு, கீழே கெட்டி.

நீல வாளி.

*

விடிந்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன். மூச்சு விடாமல் பேசினேன். அந்த லாட்ஜ் சுவர் ஞாபகம் இருக்கா, கலர் திரிஞ்சதுலா, அது ஏன்னு கண்டுபிடிச்சிட்டேன், பசை கூடிப்போச்சுப்பா, கூடினா பவுடர் எல்லாம் ஒண்ணுசேர்ந்து தனியாப் பிரிஞ்சிரும், ஜப்பான்காரன் 1954லயே கணக்கு போட்டிருக்கான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்படியாய்யா" என்றார் அப்பா. "சரி. சாப்டியா?"

அவருக்கு ஒரு விடுதலை கொடுத்துவிட்டதாக நினைத்தேன். பத்து வருஷப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டேன் என்று. ப்ராஜெக்டுக்கு நல்ல மார்க் வந்தது. அப்புறம் சென்னை, சாப்ட்வேர், இஎம்ஐ. கூழ்மத்தை மறந்தேன்.

எங்கள் ஆபீசில் சர்வர் ஏதாவது கவிழ்ந்தால் மறுநாள் 'ரூட் காஸ்' எழுத வேண்டும். ஆறேழு வருஷம் அதை எழுதியபின் ஒன்று புரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முதலில் கண்ணில் படும் காரணம் அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். ஏன் அந்த நேரத்தில், ஏன் அந்த ஆள், ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் அடியில் இருப்பது வரும். அந்த ஜனவரி காலையில் நான் அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உன் கைதான் தப்பு செய்தது என்பதை ஜப்பான் வரை போய் நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன்.

நிரூபணமும் அரைகுறை. என் ப்ரோக்ராமில் சுவர் என்பது ஐந்தாறு வரி. அதற்கு ஒரே விதி, துகள் உள்ளே போகக் கூடாது. வழவழப்பான, முடிவே இல்லாத, எதையும் உறிஞ்சாத சுவர். என் பாலிமர் துகளோடு ஒட்டாது. வச்சிரமோ சாக் பவுடரோடு ஒட்டும். துகளைச் சுற்றிப் படிந்து அவற்றைப் பிரித்துவைப்பதற்காகவும்தான் அதைக் கொஞ்சம் போடுகிறோம். ஒட்டியது போக மிச்சம் நீரில் அலைகிற பசைதான் நான் சொன்ன வேலையைச் செய்யும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. என் கணக்குப்படி துகள் செறிந்த பகுதி சுவரை முழுவதுமாக நனைக்க வேண்டும். அப்படியானால் நீலம் நன்றாகப் பிடித்திருக்க வேண்டாமா? ஏன் உரிந்தது? இந்தக் கேள்வி எனக்கு 2012இல் வரவே இல்லை.

*

சித்திர சபையில் அப்பா "பசை அளவாப் போட்டிருக்கான்" என்றதும் அந்த போன் பேச்சு எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். சாரலுக்கு ஒதுங்கியவர்கள் கொஞ்சம் பேர் தவிர உள்ளே கூட்டமில்லை. படியில் உட்கார்ந்தோம்.

"அந்த லாட்ஜ் சுவரைப் பத்தி அன்னைக்கு போன்ல சொன்னேன்லாப்பா. அது முழுக்கச் சரியில்ல" என்றேன்.

"பசை கூடினது சரிதான். எனக்கே தெரியுமே. வாளியப் பாத்தா தெரியாதா?"

"அதில்லப்பா. பிரிஞ்சாலும் சுவர்ல நல்லா ஒட்டணும், கணக்குப்படி."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒட்டத்தான செஞ்சது. அடிக்கும்போது அவ்வளவு நல்லா ஏறுச்சு. மட்டைய வச்சா வழுக்கிக்கிட்டுப் போச்சு. எய்யா, நனையிறது வேற, பிடிக்கிறது வேற. நனையிறது அன்னைக்கே தெரிஞ்சிரும். பிடிச்சிருக்கான்னு காஞ்ச பெறகுதான் தெரியும்."

என் ப்ரோக்ராம் திரவம் திரவமாக இருக்கும் வரைக்கும்தான் ஓடியது. அதில் எதுவும் காயவே இல்லை. காயும்போது நீர் போகிறது, பசை சுருங்குகிறது. சரியாகக் கலந்திருந்தால் சுருக்கமும் ஒரே சீராக இருக்கும். பிரிந்த கலவையில் பசை அதிகமான இடம் அதிகமாகச் சுருங்கிச் சுவரை விட்டு எழும்பும், அதுதான் அப்பளம். பசை குறைந்த இடம் மாவாக உதிரும். அன்று இரண்டும் ஒரே சுவரில் இருந்தன. என் பன்னிரண்டு வயசுக் கண் பார்த்ததைத்தான் என் இருபத்திரண்டு வயசு மூளை கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது.

"அப்போ பசை குறைச்சுப் போட்டிருந்தா நின்னிருக்குமா?" என்று கேட்டேன்.

"நின்னிருக்காது."

"ஏன்?"

"ஓதம். சுவர் கால்வாசி உயரத்துக்கு ஓதம் ஏறிக் கெடந்தது. காலைல போயி உள்ளங்கைய வச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. உள்ள ஈரம் இருந்தா உப்பு வெளிய தள்ளும். எந்தப் பசை போட்டாலும் தள்ளிரும். காஞ்ச சுவர்தான் கலரைக் குடிக்கும். வயிறு ரொம்பின சுவர் எங்க குடிக்கும்?"

"பெறகு ஏன் அடிச்சீங்க?"

அப்பா தெப்பக்குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரம் காய விடணும்னு லாட்ஜ்காரர்ட்ட சொல்லியிருக்கணும். சொன்னா வேற ஆளப் பாத்திருப்பாரு. உனக்கு அந்த வருசம்தான இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்தினோம். பத்தாம் தேதிக்குள்ள பீஸ் கட்டணும்னு சீட்டு கொடுத்திருந்தாங்க. அட்வான்ஸ அன்னைக்கே கட்டியாச்சு. பசையக் கூட்டிப் போட்டா சீசன் முடியிறவரைக்குமாவது நிக்கும்னு ஒரு இது. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

சீட்டு எனக்கும் ஞாபகம் இருந்தது. மஞ்சள் தாள். அம்மா அதை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள்.

"மீதிப் பணத்துக்கு என்ன செஞ்சீங்க?"

"அதெல்லாம் அப்போ எப்படியோ ஆச்சு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அம்மாவின் தோடு அந்த வருஷம் பித்தளை ஆனது எனக்குத் தெரியும்.

போனில் அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. பீஸ் கட்டிப் படிக்கவைத்த பிள்ளை, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே அந்தச் சுவர் ஏன் விழுந்தது என்று அவருக்கே பாடம் எடுக்கிறான். உண்மையைச் சொன்னால் பிள்ளைக்குப் பாரம். சொல்லாவிட்டால் பசை அளவு தெரியாத பெயிண்டர் என்ற பெயர். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். பதிலுக்கு நானும் அன்று உப்புமா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அப்பா எழுந்துகொண்டார். "வா, இன்னொரு சுத்து பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

இந்த முறை இரண்டு பேருமே சாய்த்துப் பார்த்தோம். எந்த இடத்தில் மண்பூச்சு விட்டிருக்கிறது, எந்த இடத்தில் பூச்சு நிற்க வண்ணம் மட்டும் போயிருக்கிறது என்று அவர் விரலைத் தொடாமல் நீட்டிக் காட்டினார். மூலிகைச் சாறு என்று ஊரில் சொல்வதைப் பற்றிக் கேட்டேன். சாறு எதுவாக இருந்தாலும் அடியில் சுண்ணாம்பை எவ்வளவு நாள் ஊறவிட்டான், எவ்வளவு நாள் காயவிட்டான் என்பதில்தான் இருக்கிறது என்றார். "இவனுக்கு யாரும் பத்தாம் தேதி குறிக்கல."

*

பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். சாரல் முகத்தில் மாவு மாதிரி விழுந்தது. போகிற வழியில்தான் அந்த லாட்ஜ். பெயர் மாறிவிட்டது, ஃப்ளெக்ஸ் போர்டு. வராண்டாச் சுவர் முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பழுப்பு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஈரத் துண்டுகள் அதன்மேல் தொங்கின.

நான் நிற்காமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அப்பா நின்றார். யாரும் கேட்கவில்லை, படி ஏறினார். டைல்ஸுக்கு மேலே, வெறும் பூச்சு தொடங்கும் இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு இறங்கி வந்து வேட்டியில் கையைத் துடைத்தார்.

"டைல்ஸ் ஒட்டவும் ஓதம் ஒரு முழம் மேல ஏறியிருக்கு" என்றார். "அடுத்த சீசன்ல இதும் உரியும்."

குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தென்காசி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "சாப்டுட்டுப் போவமா, வீட்லயா?" என்று கேட்டார்.

"புரோட்டா வாங்கித் தாரேன், வாங்கப்பா" என்றேன்.